ஹார்ப்பிகள்

கிரேக்க, ரோமானியத் தொன்மங்களில் வரும் சிறகுடைய பெண் உருவங்கள் ஹார்ப்பிகள் எனப்படுவர். தொடக்கத்தில் சூறைக்காற்றின் வடிவமாக இருந்த இவர்கள், பிற்கால இலக்கியத்தில் பறவை உடலும் பெண் முகமும் கொண்ட கொடும்பிறவிகளாக மாறினர். இவர்களது பிறப்பு, எண்ணிக்கை, தோற்றம், முடிவு ஆகிய நான்கிலும் பழைய நூல்கள் வேறுபடுகின்றன.

பிறப்பும் எண்ணிக்கையும்

ஹோமர் இவர்களின் எண்ணிக்கையைச் சொல்வதில்லை. இலியட்டில் பொடார்கே என்ற ஒருத்தியே பெயர் பெறுகிறாள். மேற்குக் காற்றுத் தெய்வமான செஃபிரஸுடன் கூடி அக்கிலீஸின் குதிரைகளை ஈன்றவள் அவள். ஹீசியடின் தியோகோனி, ஏல்லோ, ஒகிபெட்டே என இருவரைக் குறிப்பிட்டு, தௌமாஸ், எலெக்ட்ரா இணையரின் மகள்கள் என்கிறது. வானவில் தேவதை ஐரிஸ் இவர்களின் சகோதரி. ஹைஜினஸ் பெயரில் வழங்கும் லத்தீன் தொகுப்பில் இவர்கள் மூவர். தாயின் பெயரும் ஓசொமெனே என மாறுகிறது.

தோற்றம்

ஹீசியடின் ஹார்ப்பிகள் அழகிய கூந்தலும் காற்றுக்கு ஈடான வேகமும் உடையவர்கள். கிரேக்க மட்கல ஓவியங்களிலும் பெரும்பாலும் சிறகு முளைத்த பெண்களாகவே காணப்படுகின்றனர். வெர்ஜிலின் ஈனியட்டிலோ கன்னி முகமும், வளைந்த நகங்களும், பசியால் வெளிறிய தோற்றமும், சகிக்க முடியாத நாற்றமும் சேர்கின்றன. ஹைஜினஸ் தொகுப்பு சேவல் தலையையே பொருத்திவிடுகிறது.

முடிவு

திரேஸ் நாட்டின் பார்வையற்ற குறிசொல்லி பினியஸின் உணவை ஹார்ப்பிகள் பறித்துப் பாழாக்கினர். வடகாற்றின் மைந்தர்களான சீட்டஸும் காலைஸும் அவர்களைத் துரத்தினர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அப்பொல்லோனியஸ் பாடிய ஆர்கோனாட்டிகாவில், ஐரிஸ் குறுக்கிட்டு, இனி பினியஸை அணுகமாட்டார்கள் என்று சத்தியம் செய்து அவர்களைக் காக்கிறாள். அவர்கள் கிரீட் தீவின் குகைக்குத் திரும்புகின்றனர். அப்பலோடோரஸ் பெயரிலான தொகுப்பில் ஒருத்தி பெலொப்பொனீஸ் ஆறொன்றில் விழுகிறாள். மற்றொருத்தி ஸ்ட்ரோஃபடீஸ் தீவுகளில் களைத்து வீழ்கிறாள். அந்நூலே அப்பொல்லோனியஸின் மாற்றுக் கதையையும் பதிவு செய்கிறது. வெர்ஜிலில், ஈனியஸ் அதே தீவுகளில் கரையிறங்கும்போது ஹார்ப்பிகள் அங்கேயே வாழ்கின்றனர். அவர்களின் தலைவி செலினோ அவனுக்கு வருவதுரைக்கிறாள்.

மதிப்பீடு

லிசியாவின் சாந்தோஸ் நகரில் கி.மு. 480 அளவில் எழுந்த 'ஹார்ப்பி கல்லறை'யின் பறவைப் பெண்களை இன்று பலர் சைரன்கள் என்றே கருதுகின்றனர். எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரே புனித நூல் கிரேக்கச் சமயத்தில் இருந்ததில்லை. எனவே இவ்வேறுபாடுகளைப் பிழைகளாகத் தள்ளாமல், அந்தந்தக் காலத்துக் கவிஞரின் தேவையும் வட்டார மரபும் ஈன்ற தனித்தனி வடிவங்களாகப் படிப்பதே பொருத்தம்.