பவனியைக் காத்த நூலும் மெழுகும்

பேண்டு வாத்தியம் முழங்காத தேர்பவனியை நம் மக்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் (1680–1747) பணியாற்றிய காலத்தில் வால்வு வைத்த ஊதுகருவி உலகிலேயே கிடையாது. தமிழகத்தில் அன்று கொம்பும் எக்காளமும் முழங்கின. கொம்பு துண்டு துண்டாகச் செருகப்படுவது. ஒரு துண்டு நசுங்கினால் கன்னார் அதைமட்டும் செப்பனிடுவார்.

1818-இல் ஸ்டோல்சல், புளூமெல் என்னும் இரு ஜெர்மானியர் வால்வுக்குக் காப்புரிமை பெற்றனர். சுரங்கள் பெருகின, பழுதுகளும் பெருகின. ஆங்கிலேயப் படைகளோடு அக்கருவிகள் இந்தியா வந்தன. வடக்கே மீரட் நகரம் அவற்றைச் செய்வதில் பேர்பெற்றது. அரியலூரிலோ பெரம்பலூரிலோ திருநாள் இரவில் பழுதானால் மீரட்டுக்கா ஓடுவது?

ஆகவே கைவைத்தியம் பிறந்தது. எச்சில்நீர் வடிக்கும் மூடியின் ஸ்பிரிங் ஒடிந்தால் ரப்பர் வளையம்; அதன் தக்கை விழுந்தால் சைக்கிள் டியூப் துண்டு; பற்று விட்ட மூட்டுக்குத் தேன்மெழுகும் நூற்சுற்றும்.

ஆனால் இறுகிப்போன வாய்க்குமிழைக் குறடால் திருகலாகாது. மெல்லிய குழாய் முறுகிவிடும். நெருப்பும் வேண்டாம். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு 183 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். ஒரு மூட்டைப் பற்றவைக்கப்போய் அடுத்த மூட்டும் கழன்றுவிடும். ஒட்டுப்பசையோ பின்னர் பட்டறைக்காரரின் வேலையைக் கெடுக்கும்.

நாளை எளிதில் நீக்கக்கூடியதே நல்ல கைவைத்தியம். பவனி முடிந்ததும் கருவி பட்டறைக்குப் போகட்டும். அன்பர்களே, நம் ஆலய அறைகளில் பழைய ஊதுகருவிகள் கிடந்தால் அவற்றைப் பித்தளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அவற்றில் சுற்றிய நூலும் நம் பங்கின் வரலாறே.