பதிவேட்டில் எல்லாம் சரியாக இருந்த ஊர்

இன்னிக்கு ஒரு பழைய கேஸ் சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2000-ம் வருஷம், மே 18. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம், ஓவன் சவுண்ட் ஆஸ்பத்திரி. ரெண்டு குழந்தைகள் ரத்தம் கலந்த வயித்துப்போக்கோட அட்மிட் ஆகுறாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடம், பக்கத்து ஊரான வாக்கர்டன்ல. குழந்தைகள் மருத்துவர் கிறிஸ்டன் ஹாலெட்டுக்கு இது சாதாரணமாப் படல. மறுநாள் சுகாதாரத் துறைக்கு போன் போட்டாங்க. இந்த ஒரு போன்தான் எல்லாத்தையும் வெளிய கொண்டுவந்துச்சு.

வாக்கர்டன் 5000 பேர்கூட இல்லாத சின்ன ஊர். மூணு கிணறுகள்ல இருந்து குழாய்த் தண்ணி. அதுல 5-ம் நம்பர் கிணறு 1978-ல தோண்டினது. ஆழம் 15 மீட்டர்தான். தண்ணி ஊறி வர்ற இடமோ அதைவிட மேலே, 5 முதல் 8 மீட்டர்லயே. பக்கத்துல ஒரு பண்ணை. வழக்கம்போல நிலத்துக்கு மாட்டு எரு போட்டிருந்தாங்க. (அந்த விவசாயி மேல தப்பே இல்லைன்னு விசாரணையில பின்னாடி சொல்லிட்டாங்க.) மே 8-ல இருந்து 12 வரைக்கும் அடைமழை. எருவுல இருந்த ஈ.கோலை O157:H7 கிருமியும், கூடவே கேம்பைலோபேக்டரும் கிணத்துக்குள்ள இறங்கிடுச்சு.

சரி, குளோரின் எதுக்கு இருக்கு? இங்கதான் விஷயம். குளோரின் போட்டா மட்டும் போதாது. கிருமியையும் அழுக்கையும் தீர்த்தது போக, தண்ணியில கொஞ்சம் மீதி நிக்கணும். அந்த மீதிக் குளோரினை தினமும் அளக்கணும். அழுக்கு அதிகமா வந்தா குளோரின் முழுசா செலவாகி மீதி பூஜ்யம் ஆயிடும். அந்த பூஜ்யம்தான் நமக்கு அபாய மணி.

வாக்கர்டன்ல மணி அடிக்கல. ஏன்னா யாரும் அளக்கல. குடிநீர் நிர்வாகத்தோட மேனேஜர் ஸ்டான் கோபல், ஃபோர்மேன் அவரோட தம்பி ஃப்ராங்க். பல வருஷமா அங்க பழக்கம் என்னன்னா, குளோரினைக் கம்மியாப் போடுறது, அளக்காமலே பதிவேட்டுல 0.5 அல்லது 0.75னு எழுதிடுறது. இன்ஸ்பெக்‌ஷன் வந்தா நோட்டு பக்காவா இருக்கும்.

இவங்க வில்லன்கள்னு நினைச்சுடாதீங்க. அதே தண்ணியைத்தான் அவங்களும் குடிச்சாங்க. அதுவும் குளோரின் கலக்காத தண்ணிதான் ருசின்னு குடிச்சாங்க! கிருமி என்ன பண்ணும்னு அவங்களுக்கு முறையாப் பயிற்சியே கிடையாது. பரீட்சை எழுதாமலே, அனுபவத்தை வச்சு லைசென்ஸ் கிடைச்சிருந்துச்சு.

ஆனா இதுக்கு மேல நடந்ததை அறியாமைன்னு என்னால விட முடியல. மே 17-ம் தேதியே தண்ணி கெட்டிருக்குன்னு லேப் ரிப்போர்ட் ஸ்டான் கைக்கு வந்துடுச்சு. அரசு லேப் பரிசோதனையை 1996-ல தனியாருக்கு விட்டுட்டாங்க. மோசமான ரிசல்ட் வந்தா சுகாதாரத் துறைக்கும் சொல்லணும்னு அந்த லேப்களுக்கு சட்டக் கட்டாயம் எதுவும் போடல. அதனால ரிப்போர்ட் அவரோட நின்னுபோச்சு. 19-ம் தேதி சுகாதாரத் துறை கேட்டப்போ, தண்ணி நல்லாத்தான் இருக்குன்னார். போனை வச்சுட்டு குழாய்களைக் கழுவி, குளோரினை அள்ளிக் கொட்ட ஆரம்பிச்சார்.

மே 21, ஞாயிறு. மாவட்ட சுகாதார அதிகாரி முர்ரே மெக்விக் அதுக்கு மேல காத்திருக்கல. தண்ணி ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே கொதிக்க வச்சுக் குடிங்கன்னு அறிவிச்சார். லோக்கல் ரேடியோவுல மட்டும் சொன்னதால ஊர்ல பாதிப் பேருக்குத்தான் சேதி போச்சு.

2300-க்கும் மேல நோயாளிகள். 7 பேர் இறந்துட்டாங்க. 27 பேருக்கு ஹெச்.யு.எஸ். அதாவது கிருமியோட நச்சு ரத்தச் சிவப்பணுக்களை உடைச்சு, சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். பாதிக்கப்பட்டவங்கள்ல நிறைய பேர் சின்னக் குழந்தைகள். (இடையில ஒண்ணு. மலத்துல ரத்தம் வந்தா மெடிக்கல்ல கேட்டு பேதி நிக்கிற மாத்திரை போடாதீங்க. இந்தக் கிருமியா இருந்தா நச்சு உள்ளயே தங்கி நிலைமை மோசமாகும். நேரா ஆஸ்பத்திரி வாங்க.)

நீதிபதி டென்னிஸ் ஓகானர் விசாரிச்சார். 19-ம் தேதியே உண்மையைச் சொல்லியிருந்தா 300-லருந்து 400 பேர் நோயில இருந்து தப்பிச்சிருப்பாங்க, ஆனா இறப்புகளைத் தடுத்திருக்க வாய்ப்பு குறைவுன்னார். அந்தக் கிணத்துல குளோரினையும் கலங்கலையும் தானா அளக்கிற கருவி மட்டும் இருந்திருந்தா, இந்தக் கொள்ளைநோயே வந்திருக்காது. இதை நான் முதல்தடவை படிச்சப்போ ரொம்ப நேரம் அதே பக்கத்துல நின்னுட்டேன். 2002-ல ஒன்டாரியோவுல பாதுகாப்பான குடிநீருக்குன்னு தனிச் சட்டம் வந்துச்சு. 2004 டிசம்பர்ல ஸ்டானுக்கு ஒரு வருஷ ஜெயில், ஃப்ராங்குக்கு ஒன்பது மாச வீட்டுக்காவல்.

நம்ம நாட்டுத் தரக்கட்டுப்பாட்டின்படி குளோரின் போட்ட தண்ணியில, குழாய் முனையில லிட்டருக்கு குறைஞ்சது 0.2 மில்லிகிராம் மீதிக் குளோரின் இருக்கணும். தொட்டிக்கிட்ட அளந்தா போதாது, கடைசி வீட்டுக் குழாயில அளக்கணும். ஆகுறது சில நிமிஷம்தான். உங்க டேங்க் ஆபரேட்டர்கிட்ட, சண்டை போடாம, இன்னிக்கு கடைசித் தெருவுல எவ்வளவு இருந்துச்சுண்ணேன்னு கேட்டுப் பாருங்க. நோட்டைக் காட்டினா, குழாயில அளந்து காட்டச் சொல்லுங்க.

வாக்கர்டன் மக்கள் மறுபடி குழாயைத் திறந்து அப்படியே தண்ணி குடிச்சது அந்த வருஷம் டிசம்பர் 5-க்கு அப்புறம்தான்.