வேப்பெண்ணெயும் உழைப்போர் அறிவும்: ஒரு வரலாற்று நோக்கு

பண்பாட்டு வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் கோயில், அரண்மனை, ஏடு ஆகிய மூன்றிடத்தும் சான்று தேடுவர். இம்மூன்றிலும் இடம்பெறாத பொருள்களுக்கு வரலாறு இல்லை என்ற மயக்கம் இதனால் ஏற்படுகின்றது. வேப்பெண்ணெய் அத்தகையதொரு பொருள். தமிழ் மக்கள் தோலுக்கும் தலைமயிருக்கும் அதனைப் பன்னெடுங்காலம் பயன்படுத்தி வந்துள்ளனர். ஆயினும் அதன் வரலாற்றை ஆராயுமிடத்து, யாருடைய அறிவு அறிவாக ஏற்கப்படுகின்றது என்னும் வினாவையே நாம் முதலில் எதிர்கொள்கின்றோம்.

பழந்தமிழ் இலக்கியத்தில் வேம்புக்குக் குறைவில்லை. தொல்காப்பியம் அதன் பூவைப் பாண்டியர்க்குரிய அடையாளப் பூவாகக் குறிப்பிடும். புறநானூற்றின் 281ஆம், 296ஆம் பாடல்கள், போரிற் புண்பட்ட வீரன் கிடக்கும் வீட்டில் வேப்பிலை பயன்பட்டதைக் காட்டுகின்றன. பிந்திய பாடலில் நெய் பூசிய கைகளுடன் வெண்கடுகு புகைக்கும் வழக்கமும் பேசப்படுகின்றது. ஆனால் அந்நெய் வேம்பின் நெய் எனக் கொள்வதற்குப் பாடலில் ஆதாரமில்லை. பழம்பெருமை பேசும் ஆர்வத்தில் இன்றைய வழக்கத்தை அன்றைய பாடலில் ஏற்றிச் சொல்வது ஆய்வாகாது.

அதேவேளையில், சிலப்பதிகாரத்துக் கடலாடு காதை மாதவியின் கூந்தல் ஒப்பனையை நுணுக்கமாக விரிக்கின்றது. 10 வகைத் துவர்ப்பொருள்களும் 5 வகை வாசனைப் பொருள்களும் 32 வகை மூலிகைகளும் ஊறிய நீரில் அவள் கூந்தல் நீராட்டப்படுகின்றது. வணிகச் செல்வம் கொழித்த புகாரில் மணம் என்பது ஓய்வுடையோரின் உடைமை. கசப்பும் உள்ளியை ஒத்த நாற்றமும் உடைய வேப்பெண்ணெய்க்கு அந்த ஒப்பனை அறையில் இடமிருக்கவில்லை. எனவே இலக்கியத்தின் மௌனத்தைப் பயன்பாடு இன்மைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. எதைப் பாடத் தகுந்தது என அவ்விலக்கியம் கருதியது என்பதற்கே அது சான்றாகும்.

அவ்வாறாயின் வேப்பெண்ணெய் எங்கிருந்து வந்தது? உற்பத்தி முறையை நோக்கினால் விடை தெளிவாகும். வேம்பு வரண்ட நிலத்து மரம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வளவுகளிலும் வேலியோரங்களிலும் தென்னிந்தியாவின் மானாவாரிக் கிராமங்களிலும் அது தானே வளர்வது. கோடையில் பழுத்து உதிரும் பழங்களைக் கூட்டி அள்ளுதல், சதையைப் பிசைந்து நீக்குதல், கொட்டையை உலர்த்துதல், இடித்துக் கோதகற்றிப் பருப்பைப் பிரித்தல் என்பன பெரும்பாலும் பெண்களும் சிறுவருமே செய்த வேலைகள். பருப்பு செக்கில் ஆட்டப்பட்டது. செக்கு எட்டாதவிடத்து, இடித்த பருப்பை நீரிலிட்டுக் காய்ச்சி மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்தனர். எஞ்சிய பிண்ணாக்கு கமத்துக்கு உரமாயிற்று. விலைகொடுத்து வாங்க வேண்டாத மூலப்பொருளும் வீட்டு உழைப்பும் சேர்ந்த இடத்தில் பிறந்தமையாலேயே அது ஏழைகளின் எண்ணெயாயிற்று.

அதன் பயன்பாடும் உழைப்போடு பிணைந்ததே. சேற்றிலும் உவர்நீரிலும் நாள் முழுவதும் நின்றவர்களின் தோலை அரித்தவை சொறி, சிரங்கு, படர்தாமரை என்பன. நெருக்கமான குடிசைகளில் தலைக்குத் தலை பரவியவை பேனும் ஈரும். வேப்பெண்ணெயைத் தலையில் அழுந்தத் தேய்த்து ஊறவிட்டு, அரப்பும் தேசிக்காயும் கொண்டு கழுவிய வழக்கம் அழகுக் கலையாகத் தோன்றியதன்று. உழைக்கும் உடலைக் காத்து மறுநாளும் வேலைக்கு அனுப்புவதற்கான தற்காப்பாகவே அது தோன்றியது எனலாம்.

இவ்வறிவைக் கையாண்டோர் யாவர்? வீட்டுப் பெண்கள், மருத்துவிச்சி, நாவிதர், செக்காட்டுவோர் ஆகியோரே. தமிழகத்தில் வாணியர் எனவும் யாழ்ப்பாணத்திற் செக்கார் எனவும் எண்ணெய் ஆட்டுவோர் தனிச் சாதியாக வகுக்கப்பட்டனர். ஒரு செக்கின் பாவம் பத்துக் கொலைக்களங்களின் பாவத்துக்குச் சமம் எனக் கணக்கிட்டது மநுவின் தருமநூல். எண்ணெயை ஏற்றுக்கொண்டு அதனை ஆட்டியவரை ஒதுக்கிய சமுதாயம், அவர்தம் அறிவை மட்டும் மதித்திருக்குமென எதிர்பார்த்தல் இயலாது.

குடியேற்ற ஆட்சிக்காலத்தில் இப்பொருள் சந்தைக்குரிய பண்டமாக மாறத் தொடங்கிற்று. கசப்பு எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து மார்கோசா என்ற பெயர் பிறந்தது. சுதேசி இயக்கச் சூழலில், 1916இல் நிறுவப்பட்ட கல்கத்தா கெமிக்கல் நிறுவனம் அப்பெயரையே சுருக்கி மார்கோ என்னும் வேப்பஞ் சவர்க்காரத்தை விற்பனைக்கு விட்டது. இலங்கையிலும் கொஹொம்ப என்ற சிங்களப் பெயரோடு வேப்பஞ் சவர்க்காரம் கடைகளுக்கு வந்தது. அந்நியப் பண்டத்துக்கு எதிராகத் தேசிய முதலாளித்துவம் வகித்த முற்போக்கான பாத்திரத்தை நாம் மறுக்கவில்லை. எனினும் இம்மாற்றத்தில் பண்டம் தேசியமாயிற்றேயன்றி, கொட்டை பொறுக்கியவரின் நிலை மாறவில்லை.

அறிவியல் இவ்வழக்கத்தைப் பல கோணங்களிற் சோதித்துள்ளது. 1942இல் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலிய மூன்று கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். பூச்சிகளின் தோலுரிப்பையும் வளர்ச்சியையும் குலைக்கும் அசாடிராக்டின் 1968இல் பிரித்தெடுக்கப்பட்டது. மறுபுறத்தில், குழந்தைகளுக்கு வேப்பெண்ணெயை உள்ளுக்குப் புகட்டியதால் மலேசியாவில் நேர்ந்த கடும் நச்சுப் பாதிப்பு 1981இல் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. மேலே பூசுவதற்குரியதைக் குடிக்கக் கொடுப்பது உயிராபத்தாகும் என்பதை இது உணர்த்துகின்றது. மரபு என்பதற்காகவே எதனையும் போற்றுவதும், மரபு என்பதற்காகவே தள்ளுவதும் அறிவியல் நோக்குக்குப் புறம்பானவை.

ஏகபோக மூலதனம் இவ்வறிவைத் தன்னுடைமையாக்க முயன்ற கதை அண்மைக் காலத்தது. தாவரப் பங்கசுகளுக்கு எதிராக வேப்பெண்ணெயைப் பயன்படுத்தும் முறை ஒன்றுக்கு, அமெரிக்க விவசாயத் திணைக்களமும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. வந்தனா சிவா முதலியோர் 1995இல் அதனை எதிர்த்தனர். 2000 மே மாதத்தில் காப்புரிமை இரத்துச் செய்யப்பட்டது. 2005 மார்ச்சில் மேன்முறையீடும் தள்ளுபடியாயிற்று.

இவ்வெற்றி பெரிது. ஆயினும் 2000ஆம் ஆண்டின் தீர்ப்பில் முக்கிய சான்றாக அமைந்தது இந்தியத் தொழிற்சாலை உரிமையாளர் ஒருவரின் முன்பயன்பாடு பற்றிய சாட்சியமே என்பது கவனத்துக்குரியது. அமெரிக்கச் சட்டமோ இன்னும் வெளிப்படையாக இருந்தது. 2011இன் திருத்தம் 2013இல் நடைமுறைக்கு வரும்வரை, அயல்நாட்டில் வழங்கிய ஒரு பயன்பாடு அச்சில் அல்லது காப்புரிமையிற் பதிவாகியிருந்தாலன்றி அதனை முன்னறிவாக அச்சட்டம் ஏற்கவில்லை. 2001இல் இந்தியா தொடங்கிய மரபறிவு எண்ணிம நூலகம் இதற்கு ஒரு தக்க பதிலாகும். சித்த மருத்துவ நூல்களும் அதில் அடங்கும். ஆனால் அதன் அடிப்படையும் எழுதப்பட்ட நூல்களே.

ஆக, காவியத்தின் ஒப்பனை அறையிலிருந்து காப்புரிமை அலுவலகம் வரை ஒரே அளவுகோலே தொடர்வதை நாம் அவதானிக்கலாம்: எழுத்தை உடையவரே அறிவை உடையவர். எழுதும் வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களின் அறிவை முதலில் இழிந்ததெனத் தள்ளி, பின்னர் உரிமையாளர் இல்லாததென அள்ளுவது வர்க்க சமுதாயத்தின் இயல்பு.

இந்நிலையில் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் கடமை தெளிவானது. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிக்கும் பணி தொடரத்தான் வேண்டும். அதனோடு, வேப்பங்கொட்டை பொறுக்கிய தாய்மாரின் பேச்சையும், எஞ்சியிருக்கும் செக்குத் தொழிலாளரின் நினைவுகளையும், எந்நோய்க்கு எவ்வளவு, எவ்வயதினர்க்குக் கூடாது என்னும் அளவுகளையும், சொன்னவரின் சம்மதத்துடனும் பெயருடனும் பதிவுசெய்தல் வேண்டும். பெயரில்லாத பதிவு இன்னொரு கொள்ளைக்கே வழிகாட்டும். நிலமும் மரமும் உழைப்பும் யாருடையனவோ, அவற்றினின்று பிறந்த அறிவும் அவர்களுடையதே என்பதை நிறுவுவதற்கு வரலாற்றாய்வு துணைநிற்க வேண்டும்.