திரையில் தெரிவது யாருடைய இரைச்சல்? ஆஸிலோஸ்கோப் பவர் சப்ளை குறித்து ஓர் ஆய்வு

புதுக்கோட்டை மாவட்டத்தின் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் ஆஸிலோஸ்கோப் சொல்வதே தீர்ப்பு. திரையில் கூர்முனைகள் துள்ளினால் மாணவர் தம் சுற்றைத்தான் சந்தேகிப்பார். கெப்பாசிட்டரை மாற்றுவார், சாலிடரை மறுபடி உருக்குவார். அந்த முனைகள் கருவியின் சொந்த பவர் சப்ளையில் பிறந்தவையா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளாத எந்த அளவீட்டையும் ஏற்கலாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இன்றைய டிஜிட்டல் ஆஸிலோஸ்கோப்களில் பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் ஸ்விட்சிங் பவர் சப்ளைதான் இருக்கிறது. அது 230 வோல்ட் ஏ.சி.யை ஏறத்தாழ 325 வோல்ட் டி.சி.யாக்கி, நொடிக்குப் பல்லாயிரம் முதல் சில லட்சம் முறை வெட்டுகிறது. ஒவ்வொரு வெட்டிலும் மின்னழுத்தம் சட்டென்று தாவ, டிரான்ஸ்ஃபார்மர் சுருள்களுக்கு இடையிலுள்ள சிறு கெப்பாசிட்டன்ஸ் வழியே அந்தத் தாவல் மறுபக்கம் கசிகிறது. பிறகு சேசிஸ், புரோப்பின் கிரவுண்ட் கம்பி, சோதனைச் சுற்று, எர்த் என்று வளைய வருகிறது. 15 சென்டிமீட்டர் கிரவுண்ட் கம்பிக்கு இண்டக்டன்ஸ் ஏறத்தாழ 150 நானோஹென்றி. வேகமான விளிம்புகள் கூர்முனைகளை எழுப்ப அதுவே போதும்.

இதைச் சோதிக்க, புரோப் முனையையும் கிரவுண்ட் கிளிப்பையும் சேர்த்துச் சுற்றின் கிரவுண்டிலேயே தொட்டுப் பார்க்கலாம். திரை தட்டையாக இருக்க வேண்டும். கூர்முனைகள் அப்படியே நின்றால் அவை சோதனைச் சிக்னலைச் சேர்ந்தவை அல்ல. புரோப்பைக் கழற்றி, உள்ளீட்டில் 50 ஓம் டெர்மினேட்டர் மாட்டிய பின்னும் நின்றால், ஊற்று பெரும்பாலும் கருவிக்குள்தான். லைன் டிரிகரில் அசையாமல் நிற்பது 50 ஹெர்ட்ஸ் மின்வழங்கலோடு கட்டுண்டது. நழுவி ஓடுவது ஸ்விட்சிங் பக்கம் கைகாட்டுகிறது.

ஆனால் கருவியை அணைத்தால் இரைச்சல் போகிறதா என்று அந்தக் கருவியிலேயே பார்க்க முடியாது. குற்றம் சாட்டப்பட்டவரே ஒரே சாட்சியாகவும் நிற்கும் வழக்கு இது. இரண்டாவது சாட்சி வேண்டும். அது பேட்டரியில் ஓடும் எளிய டிரான்சிஸ்டர் ரேடியோவாகவே இருக்கலாம். 100 கிலோஹெர்ட்ஸில் வெட்டும் சப்ளையின் மடங்குகள் 600, 700 என மத்திய அலையில் வரிசையாக விழும். 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் இந்தப் பகுதிக்குப் பழகிய எண். அதை விட்டு விலகி, நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து ரேடியோவைக் கருவியருகே கொண்டுபோக வேண்டும். ஆஸிலோஸ்கோப்பை அணைத்ததும் கரகரப்பு அடங்கினால், அந்த இரைச்சல் கருவியிலிருந்தே வருகிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில் 1998 முதல் பதிவான ‘பெரிட்டான்’ என்ற புதிர்த் துடிப்புகளின் மூலம் 2015-இல் பிடிபட்டதும் இப்படி இரண்டாவது சாட்சியால்தான். தனியாக நிறுவிய குறுக்கீட்டுக் கண்காணிப்புக் கருவி அதே நேரத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளைக் காட்டியது. ஓடி முடியும் முன்பே கதவு திறக்கப்பட்ட மைக்ரோவேவ் அடுப்புகள்தாம் காரணம்.

தரச்சான்று பெற்ற கருவிக்கு இந்தச் சோதனை எதற்கு என்று கேட்கலாம். மின்காந்தக் குறுக்கீட்டுக்கான சி.ஐ.எஸ்.பி.ஆர். 11 தரநிலையின் மின்கம்பி வழி வரம்புகள் 150 கிலோஹெர்ட்ஸில்தான் தொடங்குகின்றன. 65 கிலோஹெர்ட்ஸில் வெட்டும் சப்ளையின் அடிப்படை அதிர்வெண் அந்த வலைக்கு வெளியே நிற்கிறது. புரோப் வழியே சோதனைச் சுற்றுக்குள் புகுவதையும் அவ்வரம்புகள் அளப்பதில்லை.

இரைச்சல் சுற்றிவரும் எர்த் வழி வளையத்தை முறிக்கிறோம் என்று பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது உயிருக்கே ஆபத்து. சேசிஸில் மின்சாரம் ஏறலாம். கிரவுண்ட் கம்பியைக் குறுக்குவதும், கேபிளில் ஃபெரைட் வளையம் மாட்டுவதும் பாதுகாப்பான வழிகள். கல்லூரி ஆய்வக நோட்டில், வேறெந்தச் சுற்றையும் தொடுமுன், புரோப் முனையையும் கிளிப்பையும் சேர்த்துப் பார்க்கும் சோதனையை முதல் பயிற்சியாக ஆசிரியர்கள் எழுத வைக்க வேண்டும்.