கொலையைத் துப்பறிபவருக்கு எவ்வளவு சம்பளம்?

போன வாரம் என் அக்காவின் மகள் தொலைக்காட்சியில் ஒரு கொலைக் கதை பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "மாமா, இந்த டிடெக்டிவ் எவ்வளவு உழைப்பார்?" என்று கேட்டாள்.

இங்கிலாந்தில் டிடெக்டிவ் கான்ஸ்டபிளுக்கும் சீருடைக் கான்ஸ்டபிளுக்கும் ஒரே சம்பள அளவுதான் என்று சொன்னேன். பதவி, சேவை ஆண்டுகள், லண்டன் படி, ஓவர்டைம் ஆகியவைதான் தொகையை மாற்றும். இன்ஸ்பெக்டர் ஆனால் ஓவர்டைமும் கிடையாது.

"அப்ப கொலைகாரனைப் பிடித்தால் போனஸ் இல்லையா?"

இல்லை. அது ஏன் நல்லது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து அரசு ஒரு சட்டம் போட்டது. வழிப்பறிக்காரனைப் பிடித்துக் குற்றத்தை நிரூபித்தால் 40 பவுண் பரிசு. ஒரு கூலியாளின் வருட வருமானத்தைவிட அது அதிகம். 1749இல் நாவலாசிரியரும் நீதவானுமான ஹென்றி ஃபீல்டிங் தொடங்கிய 'போ ஸ்ட்ரீட்' குழுவினரும் பரிசுகளையும் கட்டணங்களையும் நம்பியே வாழ்ந்தார்கள்.

என் கணினித் தொழிலில் ஒரு விஷயம் தெரியும். பிழைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தால், சிலர் பிழையைத் தாங்களே உருவாக்குவார்கள். அங்கும் அதுதான் நடந்தது. மெக்டானியல் கும்பல் அப்பாவிகள் மீது பொய்க் குற்றம் சாட்டிப் பரிசு வாங்கியது. 1754இல் ஜோசுவா கிடன் என்ற இளைஞர் செய்யாத வழிப்பறிக்காகத் தூக்கிலிடப்பட்டார். மக்கள் அந்தக் காசை 'இரத்தப் பணம்' என்றார்கள். ஆனாலும் 1818இல்தான் அந்தப் பரிசுமுறை ஒழிந்தது.

1829இல் லண்டன் மாநகரப் பொலிஸ் வந்தபோது கான்ஸ்டபிளுக்கு வாரம் 21 ஷில்லிங் சம்பளம். துப்பறிவாளர் என்று தனியாக யாரும் இல்லை. 1842இல் டானியல் குட் என்பவன் ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டுப் பல நாட்கள் பொலிஸுக்குத் தண்ணி காட்டினான். கடைசியில் அவனை அடையாளம் கண்டது முன்னாள் பொலிஸ்காரர் ஒருவர். அந்த அவமானத்துக்குப் பிறகுதான் இரண்டு இன்ஸ்பெக்டர்கள், ஆறு சார்ஜன்ட்களுடன் துப்பறியும் பிரிவு பிறந்தது.

சம்பளம் கொடுத்ததோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. 1877இல் அந்தப் பிரிவின் மூன்று இன்ஸ்பெக்டர்கள், குதிரைப் பந்தய மோசடிக்காரர்களிடம் இலஞ்சம் வாங்கியதற்காகச் சிறை சென்றார்கள். மறுவருடம் பிரிவையே கலைத்து சி.ஐ.டி.யை உருவாக்கினார்கள். 1918இல் லண்டன் பொலிஸார் சம்பளம் போதாமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த வருடம் டெஸ்பரோ குழு நாடு முழுவதற்கும் ஒரே சம்பள அளவைப் பரிந்துரைத்தது.

ஆகவே, தம்பி தங்கைகளே, ஒருவருக்கு எவ்வளவு சம்பளம் என்று மட்டும் கேட்காதீர்கள். அது எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்றும் கேளுங்கள்.

மருமகள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப கிடனுடைய குடும்பத்துக்கு யார் காசு கொடுத்தது?" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.