கத்தி முனையின் ஆயுள்



பால்மரம் வெட்டும் கத்தியைத் தீட்டி வைப்பது நமக்குப் பழகிய வேலை. முனை மழுங்கினால் மரம் காயப்படும் என்பதை நாம் அறிவோம். அந்த மரமே முதிர்ந்து, ஆலைக்குப் போய்ப் பலகையாக மாறுகிறது. அப்பலகையை வெட்டும் கத்தி எவ்வளவு காலம் உழைக்கும்? இக்கேள்விக்கு விடை தேடியவர்களின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

முன்பெல்லாம் 25, 30 ஆண்டுகள் பால் தந்த மரங்களை மறுநடவின்போது சாய்த்து எரித்தார்கள். பின்னர் அவை நாற்காலி, மேசைகளாகவும், எம்.டி.எஃப். எனப்படும் நார்ப்பலகையாகவும் மாறின. மரத்தை நாராக்கி, பசை கலந்து, சூட்டில் அழுத்திச் செய்வது இப்பலகை. 1960களின் நடுவில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், டெபாசிட் என்னும் ஊரில் இது வணிக முறையில் உற்பத்தியானது.

இப்பலகையில் கணு இல்லை. தொட்டால் வழவழப்பாக இருக்கும். ஆயினும் கத்திக்கு இது பெரும் பகை. காய்ந்து இறுகிய பசை, உப்புத்தாள் போல முனையைத் தேய்த்துவிடும். பள்ளம் இடும் ரவுட்டர் கத்தி நிமிடத்திற்கு 18,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். அதன் ஒவ்வொரு முனையும் ஒரு மணி நேரத்தில் பத்து லட்சம் தடவைக்கு மேல் பலகையைக் கடிக்கிறது!

கத்தியின் ஆயுளை முறையாக ஆராய்ந்தவர் பிரடெரிக் டெய்லர் என்னும் அமெரிக்கப் பொறியாளர். 1880இல் ஓர் எஃகு ஆலையில் தொடங்கிய சோதனைகளை அவர் 26 ஆண்டுகள் நடத்தினார். அதற்காக 8 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட இரும்பும் எஃகும் சீவப்பட்டன. முடிவை 1906இல் வெளியிட்டார்: வேகத்தைச் சிறிது கூட்டினாலும் கத்தியின் ஆயுள் பன்மடங்கு குறையும், காரணம், முனையில் ஏறும் சூடு.

அதுவரை வேகத்தை முடிவு செய்தது தொழிலாளியின் கண்ணும் காதும் கையும்தான். டெய்லர் அந்த அறிவைக் கணக்காக்கி நிர்வாகத்திடம் கொடுத்தார். ஓர் ஆள் ஒரு நாளில் இவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று அளவு வகுக்கவும் அது பயன்பட்டது. இத்தனை மரம், இத்தனை பால் என்ற கணக்கில் வாழ்ந்த நம் குடும்பங்களுக்கு இது புதிதன்று.

முனைக்கான உலோகமும் மாறி வந்தது. 1868இல் இங்கிலாந்தின் ராபர்ட் மஷெட் டங்ஸ்டன் கலந்த எஃகை உருவாக்கினார். டெய்லரும் மான்செல் ஒயிட்டும் கண்ட அதிவேக எஃகு, 1900இல் பாரிஸ் கண்காட்சியில் முனை சிவக்கச் சிவக்க இரும்பைச் சீவிக் காட்டியது. 1923இல் ஜெர்மனியின் கார்ல் ஷ்ரோட்டர், டங்ஸ்டன் கார்பைடுத் தூளைக் கோபால்ட்டுடன் சேர்த்துச் சூட்டில் இறுக்கினார். மின்விளக்கின் இழையை இழுக்கும் அச்சுக்காகத் தேடிய பொருள் அது! பிறகு அது வெட்டும் கருவியாயிற்று. 1954இல் செயற்கை வைரமும் அமெரிக்காவில் உருவாயிற்று.

நார்ப்பலகையில் அதிவேக எஃகு விரைவில் மழுங்கிவிடும். கார்பைடு அதைவிடப் பன்மடங்கு உழைக்கும். வைர முனை கார்பைடையும் மிஞ்சும். ஆயினும் இத்தனை மணி நேரம் என்று ஒரே கணக்குச் சொல்ல இயலாது. பலகையின் அடர்த்தி, பசை, வேகம், தள்ளும் விதம் எல்லாம் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. மிக மெதுவாகத் தள்ளினால் முனை வெட்டாமல் உரசிச் சூடேறும். பலகையின் மேற்பரப்புகள் நடுப்பகுதியைவிட அடர்ந்தவை. ஆகவே அவை படும் இடத்திலேயே முனை முதலில் தேயும். கத்தியின் உயரத்தைச் சற்று மாற்றினால் தேயாத பகுதி வேலைக்கு வரும்.

தோட்டத்திலிருந்து மரச்சாமான் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் நம் பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும். கருகிய வாடை, ஓரத்தில் கறுப்பு, மாறிய ஒலி ஆகியவை முனை முடிந்ததன் அறிகுறிகள். மழுங்கிய கத்தியோடு வேலையைத் தொடர்ந்தால் பலகை மட்டுமா கெடும்? புகை நம் மூச்சில் ஏறும். மரத்தூசி புற்றுநோய் தரவல்லது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இல் அறிவித்தது. எனவே கத்தியை மாற்றச் சொல்லிக் கேட்பதும், தூசி உறிஞ்சும் குழாயையும் முகக்கவசத்தையும் கேட்பதும் சோம்பல் ஆகா. அவை தொழில் தெரிந்தவரின் கடமை.