தூசான் லூவெர்த்தூர் – ஓர் அறமதிப்பீடு

புரட்சித் தலைவர்களைப் பற்றி எழுதப்படுவனவற்றுள் பல புகழ்மாலைகளாக அமைகின்றன. எஞ்சியவற்றுள் பல வசைமாலைகளாக முடிகின்றன. தலைவர் செய்தது யாது, அதனால் வாழ்ந்தோர் யார், நொந்தோர் யார் என்னும் வினா இரண்டிலும் பின்னுக்குத் தள்ளப்படுகின்றது. செங்கோன்மை, கொடுங்கோன்மை என்னும் இரண்டையும் வள்ளுவர் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்தார். ஒருவர் கையிலுள்ள ஒரே கோல் நிமிரவும் கூடும், வளையவும் கூடும் என்பதை அவ்வைப்பு முறையே உணர்த்துவதாகக் கொள்ளலாம். இந்நோக்கில் ஆராயத்தக்க தலைவருள் ஒருவர், கரீபியன் கடலில் அடிமைகளின் புரட்சியை வெற்றிக்கு இட்டுச் சென்ற தூசான் லூவெர்த்தூர்.

அடிமைத் தீவு

இன்று ஹைட்டி எனப்படும் நாடு அன்று செயிண்ட் டொமிங் என்னும் பெயரில் பிரான்சின் குடியேற்ற நாடாக இருந்தது. 1789-ஆம் ஆண்டளவில் அங்கு ஏறத்தாழ 5 இலட்சம் ஆப்பிரிக்க அடிமைகள் கரும்பு, காப்பித் தோட்டங்களில் உழைத்தனர். ஐரோப்பா அருந்திய காப்பியில் பாதிக்கும் மேற்பட்டது அங்கிருந்தே சென்றது. வெள்ளையரோ ஏறத்தாழ 30,000 பேர் மட்டுமே. 1791 ஆகஸ்டு மாதத்தில் வட மாநிலத்து அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர், தோட்டங்கள் தீக்கிரையாயின.

பிரெடா தோட்டத்தில் அடிமையாகப் பிறந்த தூசான், புரட்சிக்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே விடுதலை பெற்றிருந்தார். 1779-இல் அவர் ஒரு காப்பித் தோட்டத்தை, அதில் உழைத்த 13 அடிமைகளோடு குத்தகைக்கு எடுத்தார் என்பதை ஆவணங்கள் காட்டுகின்றன. இச்செய்தியை மறைப்போரும் உளர். இது ஒன்றையே பிடித்துக்கொண்டு அவரை இகழ்வோரும் உளர். அடிமை முறையின் இரு பக்கங்களையும் அறிந்த ஒருவர் அம்முறைக்கு எதிராகப் படை நடத்தினார் என்பதே இதிலிருந்து பெறத்தக்கது.

விடுதலையின் சட்டம்

1793 ஆகஸ்டில் பிரெஞ்சு ஆணையர் சாந்தோனாக்ஸ் வட மாநிலத்து அடிமைகளை விடுவித்தார். 1794 பிப்ரவரி 4-இல் பாரிஸ் மாமன்றம் பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகள் அனைத்திலும் அடிமை முறையை ஒழித்தது. அதுவரை ஸ்பானியர் பக்கம் நின்று போரிட்ட தூசான் அவ்வாண்டிலேயே பிரெஞ்சுக் குடியரசின் பக்கம் சேர்ந்தார். அடிமை முறையைக் காக்க வந்த ஆங்கிலப் படை 1798-இல் தீவை விட்டு வெளியேறியது. 1801-இல் தீவு முழுவதும் அவர் ஆட்சியின்கீழ் வந்தது. அவ்வாண்டு ஜூலையில் வெளியான அரசியல் சட்டம், அந்நிலத்தில் அடிமைகள் இருத்தல் இயலாது என்றும், அடிமைத்தனம் என்றென்றைக்கும் ஒழிந்தது என்றும் விதித்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரசியல் சட்டம் அடிமை முறைக்கு இடம் தந்திருந்த காலம் அது. அக்காலத்தில் முன்னாள் அடிமை ஒருவரின் ஆட்சி இவ்விதியை நாட்டின் அடிப்படைச் சட்டமாக்கியது. இதன் பெருமையை எவ்விதக் குறையும் அழிக்காது.

தோட்டத்தின் சட்டம்

ஆயினும் அதே சட்டம் தூசானை வாழ்நாள் ஆளுநராக்கிற்று; தமக்குப்பின் ஆள்வோரைத் தாமே குறிக்கும் உரிமையையும் அவருக்கு அளித்தது. அதை வகுத்த குழுவில் முன்னாள் அடிமை ஒருவரும் இடம்பெறவில்லை. முந்தைய ஆண்டு, 1800 அக்டோபரில், உழவர்களைத் தோட்டங்களோடு பிணைக்கும் ஆணை பிறந்தது. போர்வீரன் பாசறையை விட்டு நீங்கலாகாதது போல உழவனும் தோட்டத்தை விட்டு நீங்கலாகாது, நீங்கினால் தண்டனை. விளைச்சலில் நான்கில் ஒரு பங்கு உழவர்க்கு உரியது என்பதும், சாட்டை விலக்கப்பட்டது என்பதும் உண்மை. ஆனால் சாட்டை நீங்கிய இடத்தில் படைவீரரின் தடி புகுந்தது. நாட்டை விட்டு ஓடிய வெள்ளைத் தோட்ட முதலாளிகள் திரும்ப அழைக்கப்பெற்றனர். படைத்தலைவர்கள் தோட்டங்களைக் குத்தகைக்கு எடுத்துச் செல்வர் ஆயினர்.

1801 பிப்ரவரியில் வந்த மற்றோர் ஆணை, 50 கரோவுக்குக் குறைந்த நிலத்தை விற்பதைத் தடை செய்தது. அது நம் கணக்கில் ஏறத்தாழ 160 ஏக்கர். சில உழவர்கள் ஒன்றுகூடிக் காசு சேர்த்துச் சிறுநிலம் வாங்கி, தமக்கென்று பயிரிட விரும்பினர். அவ்வழியை இத்தடை அடைத்தது. விடுதலை என்பது தன் நிலத்தில் தன் விருப்பப்படி உழைப்பது என்று உழவர் கருதினர். அடிமை என்னும் பெயரின்றித் தோட்டத்தில் உழைப்பது என்று ஆட்சி கருதியது. இரண்டு விளக்கங்களும் மோதிக்கொண்டன.

மோயிசின் மரணம்

1801 அக்டோபரில் வட மாநிலத்து உழவர்கள் மீண்டும் கிளர்ந்தனர். வெள்ளையர் பலர் கொல்லப்பட்டனர். அம்மாநிலத்தின் படைத்தலைவர் மோயிஸ், தூசானால் மருமகனாகவே கருதி வளர்க்கப்பட்டவர். உழவர்மீது கடுமை காட்ட உடன்படாதவர். அவரும் தோட்டக் குத்தகையால் பொருள் ஈட்டியவரே, மாசற்றவர் அல்லர். ஆனால் உழவரின் மனக்குறை அவர் வாயிலாக ஒலித்தது. கலகத்திற்கு அவரே பொறுப்பென்று குற்றம் சாட்டப்பட்டு, நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். கிளர்ச்சியில் கலந்துகொண்ட உழவர் பலரும் உயிரிழந்தனர். அடிமைத் தளையை அறுத்த ஆட்சி, தளையறுந்தோர் மீதே துப்பாக்கியைத் திருப்பிய நிகழ்ச்சி இது. தூசானின் அறத்தை எடையிடுவோர் எவரும் இதனைத் தாண்டிச் செல்லலாகாது.

தற்காப்பு வாதங்கள்

தூசான் சார்பில் மூன்று வாதங்கள் கூறப்படுவதுண்டு. முதலாவது, காலத்தின் கட்டாயம். ஏற்றுமதி இன்றேல் துப்பாக்கி இல்லை; துப்பாக்கி இன்றேல் விடுதலை இல்லை. இவ்வாதம் வலிமையுடையது. 1802 பிப்ரவரியில் நெப்போலியனின் மைத்துனர் லெக்லெர் பெரும்படையோடு வந்து இறங்கியபோது, அச்சம் வெறும் கற்பனை அன்று என்பது வெளிப்பட்டது. எனினும் இவ்வாதம் எல்லாவற்றையும் காப்பாற்றாது. கரும்புக்குப் பெருந்தோட்டமும் ஆலையும் தேவை. காப்பிக்கு அவை தேவையில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹைட்டியின் தலையாய ஏற்றுமதியாக விளங்கியது சிறு உழவர் விளைவித்த காப்பியே. ஆகவே சிறுநிலத் தடைக்குக் கட்டாயம் மட்டுமே காரணம் ஆகாது. உழவரை நம்பாமையும் காரணம்.

இரண்டாவது, அக்காலத்து அளவுகோலால் அளக்க வேண்டும் என்பது. அவ்வாறே அளந்தாலும் விடை மாறாது. கட்டாய உழைப்பு விடுதலைக்கு ஒவ்வாதது என்று சொன்னவர்கள் இருநூறு ஆண்டுகளுக்குப் பின்வந்த ஆய்வாளர்கள் அல்லர். அக்கரும்புத் தோட்டத்தில் நின்ற உழவர்களே. அவர்கள் அளவுகோலும் அக்காலத்து அளவுகோல்தான்.

மூன்றாவது, நோக்கத்தின் தூய்மை. நோக்கம் செய்தவர் உள்ளத்தில் இருப்பது. செயலின் வலியோ பட்டவர் உடலில் இருப்பது. முன்னதைக் கொண்டு பின்னதை இல்லையெனல் இயலாது.

எதிர்த்தரப்பு வாதமும் ஆராயத்தக்கது. தூசானும் மற்றோர் எசமானரே, பெயர்தான் மாறியது என்பர். இதுவும் பொருந்தாது. மனிதரை விலைக்கு விற்றல் ஒழிந்தது; தாயைப் பிரித்துப் பிள்ளையை விற்கும் கொடுமை ஒழிந்தது. இவ்வேறுபாட்டை உழவர் நன்கறிந்திருந்தனர். 1802 மே மாதம் பிரான்சு தன் குடியேற்றங்களில் அடிமை முறைக்கு மீண்டும் சட்ட ஏற்பு அளித்தது. குவாதலூப்பில் அது திரும்ப நிறுவப்பட்டது. அச்செய்தி எட்டியதும் தீவெங்கும் கிளர்ச்சி பரவியது. தூசான் அதற்கு முன்பே ஜூனில் வஞ்சகமாகச் சிறைபிடிக்கப்பட்டுப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டிருந்தார். தலைவர் இல்லாமலும் மக்கள் போரிட்டனர். 1804 சனவரி 1-இல் தெசலின் ஹைட்டியின் விடுதலையை அறிவித்தார்.

வழிவழி வந்தவை

ஒரு தலைவரின் அறம் அவரோடு முடிவதன்று. பின்வந்தோர் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டனர் என்பதிலும் அது தொடர்கின்றது. அடிமை முறை மீண்டும் தலையெடுக்கலாகாது என்ற உறுதியை ஹைட்டி தூசானிடமிருந்து பெற்றது. அதனை ஒருபோதும் கைவிடவில்லை. ஆனால் உழவரைப் படைவலியால் தோட்டத்தில் நிறுத்தும் முறையையும் அவரிடமிருந்தே பெற்றது. தெசலின் அதனைத் தொடர்ந்தார். வடக்கில் மன்னராக முடிசூடிய கிறிஸ்தோஃப் தொடர்ந்தார். 1826-இல் அதிபர் புவாயே கொணர்ந்த நாட்டுப்புறச் சட்டமும் அதன் வழிவந்ததே. வாழ்நாள் ஆட்சி என்னும் வழக்கமும் அவ்வாறே நிலைத்தது. ஹைட்டியின் துன்பங்கள் அனைத்தையும் தூசான் தலையில் சுமத்துதல் முறையாகாது. 1825-இல் பிரான்சு விடுதலைக்கு விலையாக 15 கோடி பிராங்கு கேட்டு அந்நாட்டைக் கடனில் ஆழ்த்தியது. பின்னர் 1838-இல் அத்தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அப்பழி பிரான்சையே சாரும்.

தோட்டம் நிலைத்திருக்க அடிமை என்னும் பெயர் மட்டும் நீங்கினால் விளைவது யாது என்பதைத் தமிழ் மக்களும் அறிவர். பிரான்சு 1848-இல் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை இறுதியாக ஒழித்தது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டனர்.

முடிவாக

நன்மையிலிருந்து தீமையைக் கழித்து மீதியைக் கூறும் கணக்கு வணிகத்திற்குப் பொருந்தும், அறத்திற்குப் பொருந்தாது. பாண்டியன் நெடுஞ்செழியன் ஆண்ட ஆண்டுகளின் நன்மை, கோவலன் கொலையை ஈடுசெய்யவில்லை. அவ்வாறு ஈடாகும் என்று அவனும் வாதிடவில்லை. தவறென்று உணர்ந்த நொடியில் உயிர் நீத்தான்; அவ்வுயிரே அவன் கோலை நிமிர்த்தியதாகச் சிலப்பதிகாரம் கருதுகின்றது.

தூசான் 1803 ஏப்ரல் 7-இல் பிரான்சின் ழூரா மலைக்குளிரில், ழூ கோட்டைச் சிறையில் மாண்டார். அம்மரணம் நெஞ்சை உருக்குவது. ஆயினும் அதனைக் கழுவாயாகக் கொள்ளலாகாது. அது பகைவன் இழைத்த கொடுமை, தானே உணர்ந்து ஏற்ற தீர்ப்பன்று. மோயிசுக்கும் அவரோடு மாண்ட உழவர்க்கும் அது விடையாகாது.

தூசான் வகுத்த அளவுகோலாலேயே தூசானை அளத்தல் தகும். எவரும் அடிமையாக இருத்தலாகாது என்பது அவர் வகுத்த சட்டம். அச்சட்டத்தின் பொருளை அவரினும் முழுமையாக உணர்ந்தவர்கள் அவர் ஆண்ட உழவர்களே. பின்வந்த ஆட்சிகள் எத்துணை முயன்றும் அவர்களைப் பெருந்தோட்டத்தில் நிறுத்த இயலவில்லை. மலைச்சரிவுகளில் சிறுநிலம் திருத்தி, காப்பியும் கிழங்கும் பயிரிட்டு, அவர்கள் தம் வாழ்வைத் தாமே அமைத்துக்கொண்டனர். தூசானின் கோல் வளைந்த இடத்தில் அதனை நிமிர்த்தியவர்கள் அவர்கள். ஆதலின் அவருக்கு உரிய புகழைக் கூறுவோர், அவரை எதிர்த்து நின்ற அவ்வுழவர்க்கு உரிய புகழையும் உடன் கூறுதலே நேர்மையாகும்.